குழந்தைக்கு வீட்டில் தைக்க: பழைய வேட்டியா, சுங்குடியா, பனியன் துணியா?

இரண்டு வயதுக் குழந்தைக்கு வீட்டு மெஷினில் தைக்க உட்காருகிறவர்கள், வெட்டும் கணக்கைவிட முதலில் முடிவு செய்ய வேண்டியது துணியைத்தான். மதுரை வெயிலுக்குப் பருத்தி என்பதில் பேச்சே இல்லை. நெட்டும் சாட்டினும் போட்டோ எடுக்கிற வரைக்கும்தான் தாங்கும். பருத்தியில் சுலபமாகக் கைக்கு வருபவை மூன்று: பெட்டியில் கிடக்கும் பழைய வேட்டி, கடைச் சுங்குடி (சாயத்தில் புள்ளி போட்ட மதுரைச் சேலை), எடைக்கு விற்கும் பனியன் துணி.

பனியன் துணியை முதலில் ஒதுக்கிவிடலாம். இழுத்தால் விரிவதுதான் அதன் பலம். இரண்டு வயதில் தலைச் சுற்றளவு சுமார் 48 செ.மீ. இருக்கும், கழுத்து அதைவிட மிகச் சிறியது. கடை டீசர்ட் பட்டனே இல்லாமல் தலை வழியாக இறங்குவது அந்த விரிவால்தான். ஆனால் சாதாரண மெஷினின் நேர்த்தையல் விரியாது. குழந்தை ஒருமுறை கழுத்தை இழுத்தாலே நூல் பட்டென்று அறும். சாதா ஊசி இடையிடையே தையலைத் தாண்டிப் போகும். வெட்டிய ஓரம் சுருண்டுகொள்ளும். முனை மழுங்கிய ஊசியும், வளைந்து வளைந்து ஓடும் ஜிக்ஜாக் தையலோ ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினோ இருப்பவர்கள் தாராளமாக இறங்கலாம். மற்றவர்கள் பனியன் ரகங்களைத் திருப்பூர்க்காரர்களிடமே விட்டுவிடுவது நல்லது.

மீதி இரண்டும் விரியாத நெசவுத் துணி. அதனால் முதுகிலோ தோளிலோ திறப்பு வைத்தே ஆக வேண்டும். கழுத்தில் கயிறு வைத்துக் கட்டுவது வேண்டாம், எதிலாவது மாட்டி இறுக்கிவிடும். பட்டன் வைத்தால், பிடித்து இழுத்தும் அசையாத அளவுக்குத் தையுங்கள். பிய்ந்து வந்தால் நேராக வாய்க்குத்தான் போகும்.

தினசரி சட்டைக்கு என் ஓட்டு வேட்டிக்குத்தான். பல வருடம் துவைத்ததில் கஞ்சி போயிருக்கும், சுருங்க வேண்டியது சுருங்கியிருக்கும், சாயம் என்ற பேச்சே கிடையாது. பிறந்த குழந்தைக்குப் புதுத் துணி போடாமல் பழைய வேட்டியைக் கிழித்துப் போட்ட பாட்டிகளுக்கு இதெல்லாம் தெரிந்த கணக்குதான். ஆனால் இன்றைய வேட்டிகளில் பாலியஸ்டர் கலந்தவையும் உண்டு. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். அடுத்து, துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். உட்கார்ந்து நைந்த நடுப்பகுதி பளிச்சென்று தெரியும். அதை விட்டுவிட்டு மற்ற இடத்தில் வெட்டுங்கள். 11 நம்பர் ஊசி போதும். தடித்த ஊசி ஓட்டை போடும். ஓவர்லாக் தேவையில்லை: நல்ல பக்கம் வெளியே தெரிய ஒரு தையல், ஓரத்தைக் கத்தரித்துத் திருப்பி இன்னொரு தையல். பிசிறு உள்ளே அடங்கிவிடும், அக்குளில் உறுத்தாது. குறை ஒன்றுதான், வாழைப்பழக் கறை. வெள்ளையில் விழுந்தால் விழுந்ததுதான்.

சுங்குடியின் கதை வேறு. 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சரக்கு. சௌராஷ்டிரர்கள் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றி வளர்த்த துணி. இப்போது அச்சில் புள்ளி போட்டவையும் அதே பெயரில் விற்கின்றன. கை முடிச்சில் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இராது. முடிச்சு இருந்த இடத்தில் துணி சற்றுச் சுருங்கி நிற்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் வாங்கியபடியே அளந்து வெட்டினால், துவைத்துத் தேய்த்ததும் அளவு மாறிவிடும். அதனால் முதலில் தனியாக நனைத்து, சாயத் தண்ணீர் தெளியும்வரை அலசி, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டு, அப்புறம்தான் கத்தரிக்கோல். எதையும் வாயில் வைக்கும் வயதுக்கு இந்த அலசல் இரட்டிப்பு அவசியம்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், பாவாடைக்குத்தான். சேலையின் அகலம் ஏறக்குறைய 45 அங்குலம். அதன் குறுக்கே பாவாடை உயரத்தை எடுத்தால் பார்டர் தானாகக் கீழே வந்து உட்கார்ந்துகொள்ளும். மேலே மிஞ்சுவதில் சட்டையும் கையும் கிடைத்துவிடும். ஒன்றரை மீட்டர் இருந்தால் கொசுவம் தாராளமாக விழும். ஜரிகை பார்டரைக் கழுத்துப் பக்கம் கொண்டுபோகவே கூடாது, சுரண்டும். கறையையும் இந்த அடர் நிறங்கள் மன்னித்துவிடும்.

வளர்கிற பிள்ளை என்று பாவாடையில் இரண்டு டக் (பிறகு பிரித்து நீளமாக்கும் மடிப்புத் தையல்) பிடித்து வைப்பீர்கள். வேட்டித் துணியில் அதைப் பிரித்தால் ஒரு தடம்கூடப் பெரிதாகத் தெரியாது. சுங்குடியில் உள்ளே இருந்த பகுதி மட்டும் புதுச் சாயத்தோடு பட்டையாக நிற்கும். அதன்மேல் ஒரு வரி பருத்தி லேஸ் ஓட்டினால் மறைந்துவிடும். முன்பு லேஸுக்கு மதுரை மீனாட்சி கோயில் எதிரே இருக்கும் புது மண்டபம் போவோம். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கின்றன. போகும்போது பிரித்த துணியில் ஒரு துண்டைக் கையோடு எடுத்துப் போங்கள், நிறம் பொருத்திப் பார்க்க.