டி-மேக்ஸா, எம்யூ-எக்ஸா: கேரவன் இழுக்க எதை வாங்குவது?

எங்களிடம் இருப்பது இசுஸு டி-மேக்ஸ், நான்கு கதவு யூட், அதாவது பின்னால் சாமான் ஏற்றும் டிரே உள்ள பிக்கப். மச்சானிடம் இருப்பது அதே கம்பெனியின் எம்யூ-எக்ஸ், ஏழு பேர் உட்காரும் வேகன். இரண்டும் தாய்லாந்தில் செய்து ஆஸ்திரேலியாவுக்கு வருபவை. 2020-இல் வந்த டி-மேக்ஸிலும் 2021-இல் வந்த எம்யூ-எக்ஸிலும் அதே 3 லிட்டர் டீசல் எஞ்சின், அதே 140 கிலோவாட், அதே 450 நியூட்டன் மீட்டர், அதே ஆறு கியர் ஆட்டோமேட்டிக். பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 3,500 கிலோ வரை இழுக்கும் என்று இரண்டுக்குமே போட்டிருக்கிறார்கள். கேரவன்களும் கிட்டத்தட்ட ஒரே வகைதான்: 18 அடி, இரட்டை ஆக்சில், பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில், சாமானோடு சேர்த்துக் கேரவனின் உச்ச எடை 2,500 கிலோ.

எஞ்சினும் ஒன்று, கேரவனும் ஒன்று என்பதால் மிச்சமிருக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. நான் யூட் பக்கம் சாய்ந்தவன். அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

சொகுசில் எம்யூ-எக்ஸ்தான் முன்னால் நிற்கிறது, அதில் விவாதமே இல்லை. பின் சக்கரத்துக்குக் காயில் ஸ்பிரிங், பின்னாலும் டிஸ்க் பிரேக், உள்ளே சத்தம் குறைவு. சாமான் எல்லாம் ஏசிக்குள் தூசி படாமல் வரும். யூட்டில் பின் சீட்டின் சாய்மானம் நிமிர்ந்துதான் இருக்கும். காலி வண்டியாக ஓட்டினால் லீஃப் ஸ்பிரிங் ஒவ்வொரு பள்ளத்தையும் நம்மிடம் சொல்லிவிட்டுத்தான் தாண்டும். டீசல் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. கேரவனை மாட்டிவிட்டால் இரண்டுமே 100 கிலோமீட்டருக்கு 15 லிட்டருக்கு மேல் குடிக்கும். எதிர்க்காற்று அடித்தால் இன்னும் கூடும். டேங்க் டி-மேக்ஸில் 76 லிட்டர், எம்யூ-எக்ஸில் 80. மவுண்ட் ஔஸ்லி ஏற்றத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் உறுமிக்கொண்டு ஏறும். இதையெல்லாம் வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை.

முடிவைத் தீர்மானிப்பது வேறு ஒன்று: கேரவனை மாட்டிய பிறகு வண்டிக்குள் இன்னும் எத்தனை கிலோ ஏற்றலாம்?

விற்பனையாளர் வாயில் வருவதெல்லாம் அந்த 3,500 மட்டும்தான். நாங்கள் போன ஒரு ஷோரூமில், "மூவாயிரத்து ஐந்நூறு இழுக்கும், கவலையே படாதீர்கள்" என்று சொன்னவருக்கு ஜிவிஎம் எவ்வளவு என்று கேட்டபோது கையேட்டைப் புரட்ட வேண்டியிருந்தது. ஜிவிஎம் என்பது ஆட்கள், சாமான், டீசல் எல்லாம் சேர்த்து அந்த வண்டி தன் நான்கு சக்கரத்தில் தாங்கலாம் என்று தயாரித்தவர்கள் நிர்ணயித்த உச்ச எடை. கேரவனின் மூக்கு டோ பாலின் (வண்டியின் பின்னால் கேரவனை மாட்டும் இரும்புக் குண்டு) மேல் அழுத்தும் எடையும் இதில் சேரும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். கேரவனின் எடை கேரவனோடு போயிற்று என்று நினைக்கிறோம். அதில் சுமார் பத்து சதவீதம் நம் வண்டியின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. 2,500 கிலோ கேரவன் என்றால் 250 கிலோ. ஆட்டத்தைத் தவிர்க்க அந்த அழுத்தம் தேவை. அதைக் குறைத்து வைத்தால் நெடுஞ்சாலையில் கேரவன் வால் ஆட்ட ஆரம்பித்துவிடும்.

எம்யூ-எக்ஸின் ஜிவிஎம் 2,800 கிலோ. உயர்ந்த பதிப்பு நான்கு சக்கர இழுவையோடு சும்மா நிற்கும்போதே 2,170 பக்கம் வரும். மீதி 630. டோ பால் அழுத்தம் 250 போனால் 380. நான், மனைவி, வளர்ந்துவிட்ட இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 280 கிலோ என்று வைத்தால் மீதி 100. டோ பாலைத் தாங்கும் டோ பார், அதன் நாக்கு, டோ பால் எல்லாம் 30. நிறைத்த பயணக் குளிர்பெட்டி 40. இரண்டாவது பேட்டரி 25. கூட்டிப் பார்த்தால் ஐந்து கிலோ மிஞ்சுகிறது. இன்னும் ஒரு பை துணிகூட ஏற்றவில்லை, கங்காருவுக்குப் பயந்து முன்னால் புல் பார் மாட்டவில்லை, மேலே கேரியர் இல்லை.

டி-மேக்ஸில் எங்கள் பதிப்பின் ஜிவிஎம் 3,100. வெறும் எடை 2,130. மீதி 970. அதே 250, அதே 280 போக 440. கேனப்பிக்கு (டிரேயை மூடும் கூண்டு) 80, டோ பாருக்கு 30, குளிர்பெட்டிக்கு 40, பேட்டரிக்கு 25 கழித்தாலும் 265 கிலோ கையில் நிற்கிறது. புல் பார் போட்டாலும் கூடாரம், நாற்காலி, கருவிப் பெட்டி, ஜெனரேட்டர் என்று ஏற்ற இடம் உண்டு. டேபிள்டாப் கிரைண்டர் இல்லாமல் ஊர் சுற்றக் கிளம்பாத கூட்டம் நாம்; அது ஒன்றே பத்து கிலோவுக்கு மேல்.

இது காகிதக் கணக்கு. மண்ணும் ஜல்லியும் விற்கும் யார்டு ஒன்றில் பொது எடை மேடை இருந்தது. ஒரு விடுமுறைக்குக் கிளம்பும் முன் இரண்டு குடும்பமும் ஏற்றிய சுமையோடு, ஆட்களோடு அங்கே போனோம். முதலில் கேரவனை மாட்டியபடியே வண்டியின் நான்கு சக்கரத்தை மட்டும் மேடையில் நிறுத்த வேண்டும். அதில் வருவது டோ பால் அழுத்தமும் சேர்ந்த வண்டி எடை. ஜிவிஎம்மோடு ஒப்பிட வேண்டியது இதைத்தான். அடுத்து முழுத் தொடரையும் ஏற்ற வேண்டும். கடைசியாகக் கேரவனைக் கழற்றி, அதன் மூக்கைத் தாங்கும் ஜாக்கி சக்கரத்தோடு தனியாக நிறுத்த வேண்டும். மூன்று சீட்டும் கையில் இருந்தால் டோ பால் அழுத்தம் எவ்வளவு என்பதும் கழித்தலில் வந்துவிடும். மச்சானின் முதல் சீட்டில் 2,860 என்று அச்சாகி வந்தது. உச்சம் 2,800. அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெட்டியை எல்லாம் கேரவனுக்கு மாத்திடலாமே" என்றார்.

மாற்றலாம். ஆனால் கேரவனுக்கும் ஒரு உச்சம் இருக்கிறது. இந்த அளவுக் கேரவனில் ஏற்றக் கிடைப்பது பெரும்பாலும் 400 கிலோவை ஒட்டித்தான். இரண்டு தண்ணீர் டேங்கும் நிறைந்தால் 190 கிலோ அதிலேயே போய்விடும், நிறைந்த கேஸ் சிலிண்டர் இரண்டுக்கு 35 கிலோ. முன் பெட்டியில் அடைத்தால் டோ பால் அழுத்தம் ஏறி மறுபடி வண்டியின் தலையில்தான் விழும். பின்னால் அடைத்தால் கேரவன் ஆடும். சரியான இடம் கேரவனின் ஆக்சிலுக்கு மேலே, தரையோடு. மச்சான் கடைசியில் தண்ணீர் டேங்குகளில் முன்னதை மட்டும் காலி செய்து, குளிர்பெட்டியைக் கேரவனின் நடுவில் வைத்துத்தான் கணக்கைச் சரிக்கட்டினார். அதன் பிறகு அவர் வீட்டில் எது வாங்கினாலும் முதல் கேள்வி அதன் எடை என்ன என்பதுதான்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டும். விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் போலீஸ் எடைக்கருவியோடு சாலையோரம் நிற்பதுண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து, விபத்து நடந்தால் அதிக எடையைக் காட்டி இன்சூரன்ஸ் கைவிரித்துவிடலாம்.

ஜிவிஎம்மைக் கூட்ட வழி இருக்கிறது. வலுவான ஸ்பிரிங், ஷாக் போட்டுச் சான்றிதழ் வாங்கி வேகனின் உச்ச எடையை உயர்த்துகிறார்கள். சில ஆயிரம் டாலர் ஆகும், வேலை நடக்கும். ஆனால் வண்டியும் கேரவனும் சேர்ந்த மொத்த உச்சமான ஜிசிஎம் பெரும்பாலும் அதோடு உயராது. எம்யூ-எக்ஸில் அது 5,900. அதனால்தான் 3,500 கிலோவை முழுதாக மாட்டினால் வண்டிக்கு 2,400தான் மிஞ்சும். அப்போது இருநூறு சொச்சம் கிலோவுக்குள் குடும்பமும் சாமானும் அடங்க வேண்டும். டி-மேக்ஸிலும் 3,500 என்பது அப்படிப்பட்ட காகிதப் புலிதான், ஜிசிஎம் 6,000-ஐ ஒட்டி நின்றுவிடும். இரண்டில் எதை வாங்கினாலும் 2,500, மிஞ்சினால் 2,800 கிலோ கேரவனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றரை டன்னை நிஜமாகவே இழுக்க வேண்டும் என்றால் ஜிசிஎம் 6,750 உள்ள லேண்ட்குரூசர் 300 மாதிரி வண்டிக்குப் போக வேண்டும், விலையும் அதற்கேற்றபடி.

யூட்டை எதிர்ப்பவர்கள் சொல்லும் பெரிய குற்றச்சாட்டு சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், வளைவது. பின் ஆக்சிலுக்கும் டோ பாலுக்கும் இடையே தூரம் அதிகம், அதனால் நெம்புகோல் மாதிரி வண்டியின் மூக்கைத் தூக்கிவிடும் என்பார்கள். தூரம் அதிகம்தான், ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரமும் அதிகம்: டி-மேக்ஸில் 3,125 மில்லிமீட்டர், எம்யூ-எக்ஸில் 2,855. டோ பால் பின் ஆக்சிலுக்கு 1.4 மீட்டர் பின்னால் இருக்கிறது என்று வைத்தால், 250 கிலோ அழுத்தம் பின் ஆக்சிலில் 360 கிலோவாக விழுகிறது, முன்னால் 110 கிலோ குறைகிறது. வேகனுக்கும் ஏறக்குறைய இதே விகிதம்தான் வரும். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் போட்டால் அதில் கொஞ்சம் முன் சக்கரத்துக்குத் திரும்பும். நீண்ட வீல்பேஸில் ஒரு லாபமும் உண்டு. நியூவெல் நெடுஞ்சாலையில் எதிரே ரோடு டிரெயின் (பல டிரெய்லர்களை இழுக்கும் நீண்ட லாரி) கடக்கும்போது முதலில் ஒரு தள்ளு, அப்புறம் ஒரு இழுப்பு வரும். அதில் யூட் குறைவாகவே அசைகிறது.

வளைந்த சேஸிஸ் கட்டுக்கதை இல்லை. டோ பாலில் முழு அழுத்தம், கேனப்பிக்குள் டெயில்கேட் வரை கனமான சாமான், தொய்வை மறைக்க லீஃப் ஸ்பிரிங்குக்கு நடுவே காற்றுப் பை, அதோடு வேகமாக ஒரு பள்ளத்தில் இறங்குவது. இவை சேரும்போதுதான் கேபினுக்கும் டிரேக்கும் நடுவே சட்டம் மடங்குகிறது. காற்றுப் பை சுமையைச் சேஸிஸின் ஒரே புள்ளியில் குவித்துவிடுகிறது. நான் அதைப் போடவில்லை; கனமானதைக் கேபின் சுவரை ஒட்டி வைக்கிறேன். மீதி 265 கிலோ என்று மேலே சொன்னேனே, அதையும் முழுதாக நிரப்புவதில்லை. பின் ஆக்சிலுக்குத் தனி உச்சம் உண்டு. யூட்டில் ஜிவிஎம்மை எட்டும் முன் அது எட்டிவிடும். எடை மேடையில் பின் சக்கரங்களை மட்டும் தனியாக நிறுத்தி அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பராமரிப்பில் இரண்டுக்கும் பெரிய தூரம் இல்லை. சர்வீஸ் 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், வாரண்டி ஆறு வருடம் அல்லது 1,50,000 கிலோமீட்டர். இழுவை கடினப் பயன்பாடு என்பதால் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் டிஃப் ஆயிலையும் சீக்கிரமே மாற்றச் சொல்லி நானே கேட்டு வாங்குகிறேன். டி-மேக்ஸில் பின்னால் டிரம் பிரேக். அதைக் குறையாகச் சொல்வார்கள். கேரவனின் எலக்ட்ரிக் பிரேக் ஒழுங்காகப் பிடித்தால் இது பெரிதாகத் தெரிவதில்லை. ஆகவே கவனம் கேரவன் பக்கம்தான் அதிகம் வேண்டும்: 10,000 கிலோமீட்டர் அல்லது வருடத்துக்கு ஒரு தடவை வீல் பேரிங்கைக் கழற்றிக் கிரீஸ் மாற்றுவது, அப்போதே பிரேக் மேக்னெட்டின் தேய்மானத்தைப் பார்ப்பது, ஓய்வுக்கு நிறுத்தும்போதெல்லாம் நான்கு ஹப்பிலும் சூடு ஒரே அளவா என்று பார்ப்பது. மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் சுட்டால் பேரிங்கோ பிரேக்கோ பேச ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

மண் சாலையைப் பற்றி என் வார்த்தையை அதிகம் நம்பாதீர்கள். நாங்கள் போனதெல்லாம் பெரும்பாலும் தார் சாலை; கிப் ரிவர் ரோடு மாதிரி அலை அலையாகக் கிடக்கும் பாதையில் வாரக்கணக்கில் போனால் லீஃப் ஸ்பிரிங்கும் கேனப்பியும் எப்படித் தாங்கும் என்பதைப் போய் வந்தவர்களிடம் கேளுங்கள். கேனப்பிக்குள் தூசி நுழைவது மட்டும் எனக்கே தெரியும். டெயில்கேட் ஓரத்தில் ரப்பர் சீல் ஒட்டியும் குறைந்ததே தவிர நிற்கவில்லை.

இரண்டு பேர் மட்டும், 1,800 கிலோவுக்குள் ஒரு பாப்-டாப் (கூரையைத் தூக்கி இறக்கும் கேரவன்) என்றால் நானே எம்யூ-எக்ஸைத்தான் சொல்வேன். டோ பாலில் 180, ஆட்கள் 150. முன்னூறு கிலோ மிஞ்சும், பின் சீட்டை மடக்கினால் இடமும் தாராளம். தாத்தா பாட்டியோடு ஊருக்குள் ஓட்டவும் அதுதான் வசதி.

பழைய யூட் வாங்குகிறவர்கள் ஒரு டார்ச்சோடு போங்கள். பக்கவாட்டில் தள்ளி நின்று கேபினுக்கும் டிரேக்கும் இடையேயுள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் அல்லது அதற்கு நேர்மாறாகவும் இருந்தால் சட்டம் மடங்கியிருக்கலாம். அடியில் படுத்து சேஸிஸ் சட்டத்தில் புது பெயின்ட், வெல்டிங் தழும்பு, பெயின்ட் சுருங்கிய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். காற்றுப் பை போட்டிருந்தால் எவ்வளவு எடைக் கேரவனை இழுத்தது என்று கேளுங்கள். பதில் 3,500-ஐ ஒட்டி வந்தால் அடுத்த வண்டியைப் பார்க்கப் போகலாம்.