ஒரே ஜன்னல், மூன்று வழிகள்: ஃப்ளாட்டுக்குள் கீரை வளர்க்க எது தோது?

எங்கள் ஃப்ளாட்டில் மொட்டை மாடிக்குப் பூட்டு. பத்திரத்தில் பால்கனி என்று இருக்கிற இடத்தில் வாஷிங் மெஷின் நிற்கிறது. மிச்சம் கூடத்துத் தெற்கு ஜன்னலும் அதன் கீழே இரண்டடி மேடையும்தான். அந்த மேடையில் தொட்டி வைத்துப் பார்த்தேன், மண்ணில்லாமல் சத்து நீரில் வளர்த்தேன், தட்டில் மைக்ரோகிரீனும் (முளைத்து ஒரு வாரத்திலேயே வெட்டிச் சாப்பிடும் இளங்கீரை) போட்டேன். மூன்றிலும் கொஞ்சம் விளைந்தது, நிறைய செத்தது.

முதலில் வெளிச்சத்தைப் பேசிவிடலாம். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். மார்கழியில் எங்கள் கூடத்துக்குள் வந்து விழுகிற வெயில், ஆனியில் ஜன்னலை எட்டிக்கூடப் பார்க்காது. வடக்கு ஜன்னல்காரர்களுக்கு இது அப்படியே தலைகீழ். அதே தொட்டி, அதே உரம், தை மாதம் தளதளவென்று வந்த கீரை ஆனியில் நூல் மாதிரி நெட்டையாகச் சாய்ந்தால் கைராசியைக் குறை சொல்ல வேண்டாம். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு நேரடி வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். அதனால் அவற்றை வீட்டுக்குள் வைக்கும் யோசனையை விட்டுவிட்டேன்.

சரி, தொட்டி. கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) மண்புழு உரமும் சரிபாதி, ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. கோகோபீட் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் அலசிப் பிழிய வேண்டும். தென்னை நாரில் இருக்கிற உப்பு போகாவிட்டால் இளஞ்செடியின் இலை நுனி கருகும். இதில் பெரிய வில்லன் நம் அன்புதான். கோகோபீட்டின் மேல்பகுதி சீக்கிரம் காய்ந்து பழுப்பாகத் தெரியும், அடியில் ஈரம் சொதசொதவென்று இருக்கும். பார்த்தவுடன் ஊற்றினால் வேர் அழுகும், கொசுவைவிடச் சிறிய கறுப்பு ஈக்கள் கூடம் முழுக்கப் பறக்கும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்த பிறகே ஊற்றுங்கள். கொத்தமல்லி எனக்கு இங்கே ஒருநாளும் உருப்பட்டதில்லை. புதினா மட்டும் அசரவில்லை: சந்தையில் வாங்கிய கட்டிலேயே தடித்த நாலு தண்டைத் தண்ணீரில் போட்டு, வேர் விட்டதும் நட்டதுதான்.

அடுத்தது நீர். மோட்டார், குழாய் வைத்த டவர் செட்டுகளை விலையைக் கேட்டதும் கடந்துவிட்டேன். நான் செய்தது கிராட்கி முறை. ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பெயரில் வழங்குவது, மின்சாரமே தேவையில்லை. மூடியில் ஓட்டை போட்டு, வலைக்கிண்ணத்தில் நாற்றை வைத்து, கீழே சத்து கலந்த நீர். சாலட்டில் பச்சையாகப் போடும் லெட்யூஸ் கீரை ஒரு செடிக்கு ஏறக்குறைய 4 லிட்டர், நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 5.5 முதல் 6.5 வரை. செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும். மேலே வெளிப்படும் வேர்கள் காற்றை வாங்கும், அடிவேர்கள் நீரை வாங்கும். சூட்சுமமே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அது புரியாமல், தண்ணீர் குறைந்துவிட்டதே என்று பதறி ஒருநாள் விளிம்பு வரை நிரப்பினேன். காற்று வாங்கிப் பழகிய வேர் மூழ்கியது, இரண்டே நாளில் நாலு செடியும் துவண்டன. கழுவித் தள்ளினேன்.

இன்னும் மூன்று தொல்லைகள் உண்டு. டப்பாவுக்குள் வெளிச்சம் போனால் பாசி பிடிக்கும், அதனால் கறுப்புத்தாள் சுற்ற வேண்டும். மூடியில் இடுக்கு இருந்தால் கொசுப்புழு வரும், டெங்கு ஊரில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. சித்திரை வெயிலில் நீர் சூடாகி அதிலுள்ள ஆக்சிஜன் குறையும், வேர் பழுப்பாகி நாறும், லெட்யூஸும் கசந்து பூத்தண்டு விடும். கார்த்திகை முதல் மாசி வரை என்றால் நீர்முறை அருமை. கையில் மண்படாமல் மொறுமொறு இலை கிடைக்கும். ஆனால் எங்கள் வீட்டில் லெட்யூஸை யார் தினம் சாப்பிடுகிறார்கள்?

தட்டுக்கு வந்தால் இத்தனை பஞ்சாயத்து இல்லை. முதல் வாரம் செடி வாழ்வது விதைக்குள் இருக்கிற சேமிப்பில் என்பதால் சுமாரான வெளிச்சமே போதும். இரவு ஊறிய வெந்தயத்தை, ஓட்டை போட்ட தட்டில் ஒரு அங்குல கோகோபீட்மேல் நெருக்கமாகப் பரப்பி, இரண்டு நாள் மூடி, பிறகு ஜன்னலோரம். ஏழெட்டு நாளில் கத்தரிக்கோலால் வெட்டலாம். மளிகைக் கடை வெந்தயமே போதும். விதைக்கடைப் பாக்கெட் வேண்டாம், விதைப்புக்கென்று மருந்து தடவியிருப்பார்கள். காற்றோட்டம் இல்லாவிட்டால் பூஞ்சை வரும், அப்படி வந்த தட்டை அப்படியே குப்பையில் போடுங்கள். ஒரு குறை: வெட்டியது திரும்பத் துளிர்க்காது, கூட்டு வைக்கிற அளவும் தேறாது. தோசைமேல் தூவலாம், ஆம்லெட்டில் போடலாம்.

எல்இடி விளக்கு வாங்கினால் எல்லாம் சரியாகுமா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். ஓரளவு ஆகும். 20 வாட் விளக்கு தினம் 14 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் 17 யூனிட் கூடும். அந்த வெளிச்சத்தில் இரண்டு தொட்டிக் கீரை வரும்.

என் மேடையில் இப்போது இரண்டு வெந்தயத் தட்டுகள், ஒன்று வெட்டும்போது மற்றது முளைக்கிற மாதிரி நாலு நாள் இடைவெளியில். ஓரத்தில் புதினாத் தொட்டி. கிராட்கி டப்பாக்கள் பரணில், கார்த்திகை வரட்டும் என்று காத்திருக்கின்றன.