74எச்சி157 சிப்: இணைப்பி நான்கு, நிபந்தனை ஒன்று

"ஆ மெய்யானால் அ, இல்லையென்றால் இ." மூன்று உள்ளீடு கொண்ட இந்தத் தருக்க இணைப்பியை [அ, ஆ, இ] என்று எழுதலாம். 1956-ல் வெளியான தன் கணிதத் தருக்க நூலில் தருக்கவியலாளர் அலோன்சோ சர்ச் காட்டியபடி, இதோடு மெய், பொய் (1, 0) இரண்டும் இருந்தால் வேறு எந்த இணைப்பியும் தேவையில்லை. ஆ-வின் மறுப்பு [0, ஆ, 1]; 'அ மற்றும் ஆ' [அ, ஆ, 0]; 'ஆ அல்லது இ' [1, ஆ, இ]; 'ஆ எனில் அ' [அ, ஆ, 1].

இதைப் பிரெட்போர்டில் (சாலிடர் இல்லாமல் பாகங்களைச் செருகும் பலகையில்) செய்து பார்க்க 74எச்சி157 மல்டிபிளெக்சர் நல்ல தொடக்கம். நிபந்தனைக்கேற்ப இரண்டு உள்ளீட்டில் ஒன்றை வெளியே விடும் அலகுகள் நான்கு இதில் உண்டு. 16-ஆம் பின்னுக்கு (சிப்பின் காலுக்கு) 2 முதல் 6 வோல்ட், 8 கிரவுண்ட், நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். 15-ஆம் பின்னைக் கிரவுண்டில் கட்டாவிட்டால் சிப் ஒழுங்காக வேலை செய்யாது. அது உயர்ந்திருந்தால் நான்கு வெளியீடும் 0-விலேயே நிற்கும். பயன்படாத உள்ளீடுகளையும் அந்தரத்தில் விடக்கூடாது.

முதல் அலகில் நிபந்தனை ஆ பின் 1, வெளியீடு பின் 4. பலரும் தடுமாறுவது மற்ற இரண்டில்தான். பின் 1 உயர்ந்தால் தேர்வாவது பின் 3. எனவே அ அங்கே, இ பின் 2-ல். மாற்றிச் செருகினால் 'அ மற்றும் ஆ' கேட்ட இடத்தில் 'அ மற்றும் ஆ-வின் மறுப்பு' வரும்.

பெரிய குறை: நான்கு அலகுக்கும் பின் 1 பொது. நான்கு பிட் எண்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இது அருமை. ஆனால் 'இரண்டில் ஒன்று மட்டும்' என்பதை [இ-யின் மறுப்பு, ஆ, இ] என்று கட்டப் போனால், மறுப்புக்கு இ நிபந்தனையாக வேண்டும், அடுத்த அலகுக்கு ஆ. ஒரே சிப்பில் முடியாது. முழுக் கூட்டிக்கு (மூன்று பிட்களைக் கூட்டும் சுற்றுக்கு) இதே வழியில் ஐந்து அலகுகள் வேண்டும்: ஒரு மறுப்பு, அதன் மேல் 'ஒன்று மட்டும்', அதற்கொரு மறுப்பு, பிறகு கூட்டல், மிகுதி (அடுத்த இடத்துக்குப் போகும் பிட்). இதற்கு 74எல்விசி1ஜி97 வாங்குவதே சரி. ஒரு சிப்பில் ஓர் அலகுதான், ஆனால் நிபந்தனை அதற்கே சொந்தம்: பின் 6 ஆ, பின் 3 அ, பின் 1 இ, பின் 4 வெளியீடு.

மெய் அட்டவணை சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. அ, இ இரண்டும் 1 என்றால் ஆ எப்படி மாறினாலும் வெளியீடு 1-ஆகவே இருக்க வேண்டும். சிப்புக்குள்ளே ஆ-வின் மறுப்பு சற்றுத் தாமதமாக வருவதால், ஆ இறங்கும்போது வெளியீடு கண நேரம் 0-வுக்குச் சரியக்கூடும். வெளியீட்டையே இ-யில் திருப்பிக் கொடுத்து லாட்ச் (ஒரு பிட்டை நினைவில் வைக்கும் சுற்று) கட்டினால், அந்தச் சரிவில் சேமித்த 1 தொலைந்துபோகலாம். 'அ மற்றும் இ' என்ற தருக்கக் கேட் (gate) ஒன்றைத் தனியாகப் போட்டு, அதை வெளியீட்டோடு 'அல்லது' செய்து, அந்த முடிவைத் திருப்பிக் கொடுங்கள். வெறும் 157-இன் வெளியீட்டை எந்தச் சிப்பின் கிளாக் (நேரத் துடிப்பு வாங்கும்) பின்னிலும் நேரடியாகக் கொடுக்காதீர்கள்.

5 வோல்ட்டில் ஓடும் சிப்புக்கு 3.3 வோல்ட் சிக்னல் தருபவர்கள் 74எச்சி157-க்குப் பதில், அந்த 3.3 வோல்ட்டையும் 1 என்று ஏற்கும் 74எச்சிடி157 வகையை வாங்கவும்.