எடெல்மன் வகை கை ஆகர்: காட்டு மண்ணை ஆழவாரியாக எடுக்கத் தோதானதா?

எடெல்மன் ஆகர் என்பது கையால் திருகி மண்ணைத் துளைத்தெடுக்கும் கருவி. தண்டின் நுனியில் மண்ணை வெட்டிப் பிடிக்கும் அலகுகள் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் கால்சியமும் கரிமமும் பெரும்பாலும் மேல் 10 செ.மீ.யிலேயே குவிந்திருக்கும். சருகு மட்கிச் சேர்வது அங்கேதான். கீழே போகப் போகக் களி கூடும், கூடவே இரும்பும் அலுமினியமும். ஆழமான மாதிரியில் மேல்மண் கொஞ்சம் கலந்தாலும் கால்சியம் அளவு ஏறிவிடும். இந்த ஆகரின் பலவீனமும் அதுதான்: ஒவ்வொரு முறை இறக்கும்போதும் குழியின் சுவரைச் சுரண்டிக்கொண்டே போகும்.

தண்டில் 10, 20, 30, 50, 100 செ.மீ.க்கு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் திருகாமல் வெளியே எடுங்கள். பேராசைப்பட்டுத் திருகினால் களியில் இறுகி, இழுக்க இரண்டு ஆள் வேண்டும். வந்த மண்ணின் மேல் 2 செ.மீ.யையும் வெளிப்புறத்தையும் செதுக்கித் தள்ளிவிட்டு, நடுப்பகுதியை மட்டும் பையில் போடுங்கள்.

ஒட்டும் களிக்குக் குறுகிய அலகு, மணலுக்கு அகன்றது. செம்புறாங்கல் சரளை வந்தால் இரண்டும் நின்றுவிடும். அங்கே குழி வெட்டுவதே வழி.

வாங்கும்போது துத்தநாகம் பூசியதைத் தவிருங்கள். செம்மண்ணில் இரும்பு ஏராளம், எஃகிலிருந்து உதிரும் துளி அதில் தெரியாது. துத்தநாகம் அப்படியல்ல, மண்ணில் கிலோவுக்குச் சில பத்து மில்லிகிராம்தான் இருக்கும். பித்தளைச் சல்லடையும் இதே வம்புதான், செம்பும் சேரும், 2 மி.மீ. நைலான் போதும்.

ஒரு ஹெக்டேருக்கு எத்தனை கிலோ சத்து என்று கணக்கிட மண்ணின் அடர்த்தி வேண்டும். ஆகர் மண்ணைக் கலைத்தே எடுக்கும் என்பதால், அதற்குத் தனியாக, மண்ணைக் கலையாமல் எடுக்கும் 100 கன செ.மீ. வளையம் வாங்கியாக வேண்டும்.