தமிழ் ஆண்டும் கொல்லம் ஆண்டும்

குமரியும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரை மலையாள நாட்டு ஆட்சியில் இருந்தமையால், எங்கள் பகுதியின் பழைய பத்திரங்களில் தமிழ் ஆண்டு அல்ல, மலையாள ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டே காணப்படுகிறது. இரு கணக்குகளும் சூரியன் ராசி மாறுவதைக் கொண்டே மாதம் பிரிக்கின்றன. ஆயினும் மலையாளம் ராசியின் பெயரையே சிங்ஙம், கன்னி என மாதத்துக்கு இட, தமிழோ முழுநிலவு கூடும் நட்சத்திரத்தைக் கொண்டு சித்திரை, விசாகத்தால் வைகாசி எனப் பெயரிட்டது. விஷு சித்திரைப் பிறப்பை ஒட்டியே வந்தாலும், கொல்லம் ஆண்டு மாறுவது ஆவணியில்தான்.

அறுபது பெயர்களும் சுழன்று வரும் தமிழ் ஆண்டில், ‘விரோதி’ என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தச் சுற்றின் விரோதி என்று தடுமாற நேரும். கி.பி. 825இல் தொடங்கிய கொல்லம் எண்ணுடன், ஆவணி முதல் டிசம்பர் முடியும் வரை 824ஐயும், பிறகு 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைத்துவிடும். பத்திரம் படிப்பதற்குக் கொல்லமே எனக்கு உகந்தது. பண்டிகைக்குச் சித்திரையை விட்டுக்கொடுக்க மனம் வராது.