காதுக்கு வேலை கொடுத்த படங்கள்

வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகுதான் எனக்குப் படம் பார்க்க நேரம் கிடைக்கிறது. அதனால் ஹெட்போன் இல்லாமல் முடியாது. இப்படியே பார்த்துப் பார்த்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. படம் எப்படி என்பதை இப்போதெல்லாம் கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடுகிறது. எங்கே இசையை நிறுத்த வேண்டும் என்று தெரிந்த இயக்குநருக்கு மற்ற விஷயங்களும் தெரிந்திருக்கின்றன என்பது என் அனுபவம். சமீபத்தில் பார்த்தவற்றில் யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றிய சில படங்கள் இவை. எல்லாம் புதிதாக வந்தவை இல்லை. வகையும் ஒன்றல்ல.

முதலில் 'கொட்டுக்காளி'. 'கூழாங்கல்' எடுத்த பி.எஸ்.வினோத்ராஜின் இரண்டாவது படம், 2024இல் வந்தது. இதில் பின்னணி இசை என்பதே கிடையாது. மீனாவுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று குடும்பமே நம்புகிறது. அவள் வேறு சாதிப் பையனை விரும்புகிறாள், விஷயம் அவ்வளவுதான். பேயை விரட்டுவதற்காக ஒரு சாமியாரிடம் கூட்டிப் போகிறார்கள். ஆட்டோவில் பெண்களும் சில பெரியவர்களும், பக்கத்தில் பைக்குகளில் ஆண்கள், கூடவே பலி கொடுக்க ஒரு சேவல். அந்தப் பயணம்தான் படம்.

சூரி நடித்திருக்கும் பாண்டிதான் மீனாவுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை. அவனுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, கிழிந்த குரலில் எல்லோரையும் அதட்டுகிறான். அன்னா பென்னின் மீனாவோ வாயே திறப்பதில்லை. கத்துகிறவனுக்குக் குரல் இல்லை, குரல் இருக்கிறவள் பேச மறுக்கிறாள். வசனம் எழுதிச் சொல்ல வேண்டியதை இந்த ஒரு ஏற்பாட்டிலேயே சொல்லிவிட்டார் இயக்குநர்.

வழியில் எங்கோ ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு ஓடுகிறது. மீனா அதை மெல்ல முணுமுணுக்கிறாள். அவ்வளவு நேரமும் ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தவள் ஒரு பாட்டுக்கு வாயசைத்துவிட்டாள் என்பதே பாண்டிக்குப் பொறுக்கவில்லை. வண்டியை நிறுத்தி அடிக்க ஆரம்பிக்கிறான். அவளை மட்டுமில்லை, தடுக்க வந்தவர்களையும். வேறு படமாக இருந்தால் இந்த இடத்தில் வயலின் அழும், நாம் எதற்கு அழ வேண்டும் என்று நமக்குச் சொல்லித்தரும். இங்கே கேட்பதெல்லாம் அடி விழும் சத்தமும் அலறலும்தான். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இசை இருந்திருந்தால் அது ஒரு 'காட்சி'யாகியிருக்கும். இல்லாததால் பக்கத்து வீட்டில் நடப்பது போல இருந்தது.

பாதையை மறித்து நிற்கும் காளை வரும் இடமும் அப்படித்தான். இத்தனை ஆண்கள் நின்று கையைப் பிசைகிறார்கள். ஒரு சின்னப் பெண் வந்து சர்வசாதாரணமாக அதைக் கூட்டிக்கொண்டு போகிறாள். யாரும் எதையும் விளக்கவில்லை. ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். ஆண்கள் அடிக்கடி வண்டியை நிறுத்துவது முதல் தடவையிலேயே புரிந்துவிடுகிறது, அதற்கப்புறம் கொஞ்சம் இழுக்கிறது. முடிவைச் சொல்லப் போவதில்லை. முடிவு என்று ஒன்று இல்லை என்று கோபப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது சரியான இடத்தில் நின்றதாகத்தான் பட்டது. கடைசி நிமிடங்களில் பாண்டியின் முகத்தைப் பாருங்கள், தீர்ப்பு அங்கேதான் நடக்கிறது.

இதற்கு நேர் எதிர்த்திசையில் 'லப்பர் பந்து'. அதே 2024, தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படம். ரப்பர் பந்து கிரிக்கெட்டும் குடும்பமும் கலந்த கலகலப்பான படம். அட்டகத்தி தினேஷ் நடித்த கெத்து என்ற ஆட்டக்காரன் மட்டையைப் பிடித்து இறங்கும்போது 'பொன்மனச் செல்வன்' படத்தில் வரும் 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' ஒலிக்கும். விஜயகாந்துக்கு இளையராஜா போட்ட பாட்டு, 1989. பழைய பாட்டைப் போட்டுக் கைத்தட்டல் வாங்கும் வித்தை இப்போது எல்லாப் படத்திலும் இருக்கிறது, பாதிக்கு மேல் எரிச்சலைத்தான் கிளப்புகிறது. இங்கே எரிச்சல் வரவில்லை, ஏனென்றால் பாட்டு இயக்குநருடையது இல்லை, கெத்துவுடையது. அவன் விஜயகாந்த் ரசிகன், அந்த மைதானத்துக்கு அது தெரியும், அவன் வந்தால் அந்தப் பாட்டு வரும். கதைக்குள் இருக்கிற மனிதர்களே போடுகிற பாட்டு அது.

சாதியால் அணியில் இடம் கிடைக்காத அன்பு, தன் ஆட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று அந்த அன்பு சொன்னது காதில் விழுந்து குமுறும் கெத்து. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அன்பாக வரும் ஹரிஷ் கல்யாணுக்கு இதுவரை அமைந்ததில் நல்ல வேடம் இதுதான் என்பேன். அதைவிட எனக்குப் பிடித்தது கெத்துவின் அம்மாவுக்கும் மனைவி யசோதைக்கும் இடையில் ஓடும் சின்னக் கதை. சுவாசிகா அசத்தியிருக்கிறார். இரண்டாம் பாதியில் ஆட்டங்கள் கொஞ்சம் கூடுதல். ஆனாலும் குடும்பத்தோடு உட்கார்ந்து, யார் யார் பக்கம் என்று சண்டை போட்டுக்கொண்டே பார்க்கலாம்.

அப்புறம் கோயன் சகோதரர்களின் 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்டு மென்'. 2007இல் வந்த இந்தப் படத்தை ரொம்ப நாள் முன்பு அரைத்தூக்கத்தில் பார்த்தது. இப்போது மறுபடியும், ஹெட்போனோடு. சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் வாங்கியது எல்லோருக்கும் தெரியும். இதில் இசை இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும், அவ்வளவு குறைவு.

பெட்ரோல் பங்கில் வரும் காட்சியை மட்டும் சொல்கிறேன். ஹாவியர் பார்டெம் நடித்த கொலைகாரன் சிகுர், கடைக்காரக் கிழவரிடம் பேச்சுக் கொடுக்கிறான். எல்லாம் சாதாரணக் கேள்விகள்தான். எப்போது தூங்கப் போவாய், இந்த வீடு எப்படி வந்தது. தின்று முடித்த பாக்கெட்டின் உறையைக் கசக்கி மேஜை மேல் வைக்கிறான். கேமரா அந்த உறையைக் காட்டுகிறது. கசங்கிய அது தானாக, மெதுவாக, சின்னச் சின்ன முறுமுறுப்போடு விரிகிறது. அவ்வளவுதான் நடக்கிறது. என் தோள் இறுகிப்போனது. பேச்சு எந்த நிமிடம் கொலையாகும் என்ற பயத்தை அந்தக் காகிதத்தின் சத்தத்தில் வைத்திருக்கிறார்கள். பிறகுதான் நாணயம் சுண்டுவது.

ஓட்டல் அறைக் காட்சியும் அப்படியே. விளக்கை அணைத்துவிட்டுத் துப்பாக்கியோடு ஒருவன் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான். கதவுக்கு அடியில் வெளிச்சக் கோடு. அதில் இரண்டு பாதங்களின் நிழல் வந்து நிற்கிறது, பிறகு நகர்ந்து போகிறது. அப்புறம் நடைவழி விளக்கு அணைகிறது. கொலைகாரன் முகத்தைக் காட்டாமலே இப்படி நடுங்க வைக்க முடியும் என்றால், ஒவ்வொரு வில்லன் வரும்போதும் பறையும் டிரம்ஸும் சேர்த்து இடிக்க வேண்டிய தேவை என்ன என்று நம் ஆக்‌ஷன் படங்களைப் பார்த்து உண்மையாகவே கேட்கத் தோன்றுகிறது.

'எ கொயட் பிளேஸ்' (2018) பற்றி ஒரு பத்தி போதும். சத்தம் கேட்டால் வந்து கொல்லும் ஜந்துக்கள், சத்தமே போடாமல் வாழும் ஒரு குடும்பம், நிறைமாதக் கர்ப்பிணியான அம்மா. கருவே அற்புதம். மகளாக நடித்த மில்லிசென்ட் சிம்மண்ட்ஸ் நிஜத்திலும் காது கேளாதவர். அவள் பார்வைக்குக் கதை மாறும்போது ஒலி முழுவதும் அறுந்துவிடுவது பிரமாதம். ஆணி, படிக்கட்டு, வெறுங்கால் என்று வரும் இடத்தில் நானே வாயைப் பொத்திக்கொண்டேன். இவ்வளவும் செய்துவிட்டு வழக்கமான திகில் இசையைப் போட்டதுதான் மனசுக்கு ஆறவில்லை. ஒரு தும்மலுக்கே உயிர் போகும் உலகத்தில் திடும் திடும் என்று இசை எதற்கு? அதை எடுத்துவிட்டு ஒரு தடவை பார்க்கக் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

என்னை ரொம்பவே பாதித்தது 'சவுண்ட் ஆஃப் மெட்டல்'. டேரியஸ் மார்டர் இயக்கியது, ஒலிக்காக ஆஸ்கர் வாங்கிய படம். ரிஸ் அகமது ஒரு டிரம்மர். திடீரென்று காது போய்விடுகிறது. நாம் இரண்டு பக்கமும் மாறி மாறிக் கேட்கிறோம். வெளியிலிருந்து பார்த்தால் ஜூஸர் ஓடுகிறது, காபி சொட்டுகிறது. அவன் தலைக்குள் போனால் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல ஒரு மந்தம். ரிஸ் அகமது இதற்காக டிரம்ஸும் சைகை மொழியும் கற்றுக்கொண்டார். அது நடிப்பில் தெரிகிறது. அவர் கைகள் பொய் சொல்லவில்லை.

காது கேளாதவர்களின் இல்லத்தை நடத்தும் ஜோவாக வரும் பால் ரேசியின் அப்பா, அம்மா இருவருமே காது கேளாதவர்கள். சைகை அவருக்குப் பிள்ளைப் பருவத்து மொழி. இதையெல்லாம் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும் என்றில்லை. ஆனால் அவர் பேசும்போது முகமும் கையும் சேர்ந்து போகும் அழகு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தபோது மரியாதை கூடியது.

படத்தில் ஒரு சறுக்குமரக் காட்சி வருகிறது. உலோகச் சறுக்குமரம். மேலே ஒரு சிறுவன் படுத்திருக்கிறான், கீழே உட்கார்ந்து நாயகன் விரலால் தாளம் தட்டுகிறான். சிறுவனுக்குக் காது கேட்காது. ஆனால் உலோகத்தில் வரும் அதிர்வைத் தொட்டுப் பார்க்கிறான், பதிலுக்குத் தட்டுகிறான். தாளம் உடம்பில் ஏறுவதை நானும் உணர்ந்தேன்.

பிற்பாடு அறுவை சிகிச்சை செய்து காதில் கருவி பொருத்திய பின் அவனுக்குக் கேட்கும் உலகம் இருக்கிறதே, அதுதான் எனக்கு இந்தப் படத்தின் மிகப் பெரிய கொடை. எல்லாக் குரலும் தகரத்தை உரசுவது போல, கூட்டத்தில் எது யாருடைய பேச்சு என்று பிரியாமல் வருகிறது. என் அப்பா சில வருடங்களாகக் காது கேட்கும் கருவி போடுகிறார். இரண்டும் ஒரே கருவி இல்லை, தெரியும். ஆனால் விசேஷ வீடுகளில் அவர் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிடுவார். "எல்லாரும் டப்பாக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்குடா" என்பார். அந்த வாக்கியத்தை முதல் முறையாக என் காதால் கேட்டேன். மறுநாளிலிருந்து அவரோடு பேசும்போது டிவியை அணைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து பேசுகிறேன். வீட்டில் காது மந்தமான பெரியவர்கள் இருக்கிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். போதைப் பழக்கமும் மீட்சியும் கதையில் உண்டு, சின்னப் பிள்ளைகளோடு பார்க்கிற படம் இல்லை.

பிள்ளைகளோடு பார்க்க வேண்டுமானால் 'ஃப்ளோ'. லாட்வியா நாட்டு கின்ட்ஸ் சில்பலோடிஸ் எடுத்த அனிமேஷன், 2025இல் அந்தப் பிரிவில் ஆஸ்கர் வாங்கியது. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்தது. உலகமே வெள்ளத்தில் மூழ்க, ஒரு கறுப்புப் பூனையும் நாயும் லெமூரும் இன்னும் சிலரும் ஒரே படகில். வசனமே இல்லை. விலங்குகள் மனிதர் மாதிரிப் பேசாது, விலங்குகளாகவே கத்தும். குரல்களும் நிஜ விலங்குகளுடையவை. படகில் மந்தமாகப் படுத்திருக்கும் கேபிபராவுக்கு மட்டும் அதன் சொந்தக் குரல் பொருந்தவில்லை என்று ஒட்டகக் குட்டியின் குரலைப் போட்டார்கள். பார்க்கும்போது சந்தேகமே வராது. வசனம் இல்லாததால் பிள்ளைகள் 'அது ஏன் கோவிச்சுக்கிச்சு' என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள், நாம் பதில் தேட வேண்டியிருக்கும். எண்பத்தைந்து நிமிடம்தான். பூனைக்கு ஆபத்து வருகிற இடங்கள் உண்டு, இளகிய மனசுள்ள குழந்தைக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

மலையாளத்தில் 'பிரமயுகம்'. முழுக்கக் கறுப்பு வெள்ளை, மழை, இடிந்துகொண்டிருக்கும் மனை, மம்மூட்டி. பாணன் ஒருவன் அடைக்கலம் தேடி வருகிறான், வீட்டுக்காரர் அவனைப் பாடச் சொல்கிறார். பாட்டைக் கேட்டு ரசிக்கும் அந்த முகத்தில் அன்பும் பசியும் ஒன்றாகத் தெரிகின்றன. திகில் விரும்பிகள் கேள்வி கேட்காமல் பார்க்கலாம்.

கடைசியாக 'மெய்யழகன்'. இதை அப்பாவோடு, வசன வரிகள் போட்டுப் பார்த்தேன். '96' எடுத்த சி.பிரேம்குமாரின் படம். சொத்துத் தகராறில் ஊரைவிட்டுப் போன அருள்மொழி பல வருடம் கழித்துத் தங்கை கல்யாணத்துக்கு வருகிறான். ஒருவன் ஒட்டிக்கொள்கிறான், 'அத்தான் அத்தான்' என்று உருகுகிறான், அவன் யாரென்றே இவனுக்கு நினைவில்லை. அரவிந்த்சாமியும் கார்த்தியும் இப்படிப் பொருந்துவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மேடையில் அண்ணன் கொண்டுவந்த பரிசைத் தங்கை அங்கேயே பிரித்து அணிந்துகொள்ளும் இடத்தில் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெளியான பிறகு பதினெட்டு நிமிடம் போல வெட்டினார்கள். நீளம் எனக்குப் பிரச்சினை இல்லை. ராத்திரி முழுக்க இரண்டு பேர் பேசுவதுதானே படமே. கோவிந்த் வசந்தாவின் வயலின் சில இடங்களில் நமக்கு முன்னாடியே அழுதுவிடுகிறது, அதுதான் என் குறை. கார்த்தி சைக்கிளைப் பற்றிச் சொல்லும் காட்சியில் அவர் குரலே போதும். அந்தக் குரல் தழுதழுப்பதற்குள் இசை வந்து நிற்கிறது. அப்பாவுக்கு இந்தக் குறை இல்லை. இசை அவருக்குச் சரியாக விழாது, முகத்தையும் எழுத்தையும் வைத்தே பார்த்தார், என்னைவிட நன்றாகவே ரசித்தார். படம் முடிந்ததும் யாருக்கோ போன் போட வேண்டும் என்று பழைய டைரியைத் தேடினார்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், ஆள் சேர்ந்து பார்க்க 'லப்பர் பந்து', தனியாகப் பார்க்க 'சவுண்ட் ஆஃப் மெட்டல்'. 'கொட்டுக்காளி'யை மட்டும் செல்போன் ஸ்பீக்கரில், வேறு வேலை பார்த்துக்கொண்டே ஓட விடாதீர்கள். பாதிப் படம் காணாமல் போய்விடும்.