பையை மடிப்பதா, மாற்றுவதா, இல்லை வேறு வழியா? ஆஸ்டமிக்குப் பிறகு தாம்பத்தியம்

மலமோ சிறுநீரோ வயிற்றில் போட்ட திறப்பு (ஸ்டோமா) வழியாக ஒரு பைக்குள் வரும்படி செய்வதுதான் ஆஸ்டமி அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு உடலுறவுக்கு டாக்டர் சம்மதம் சொல்ல, பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். மலக்குடலையும் ஆசனவாயையும் எடுத்திருந்தால் கீழே உள்ள புண் ஆற இன்னும் நாள் பிடிக்கும். சம்மதம் கிடைத்ததும் மனசு நேராகப் போய் நிற்பது பையில்தான். 'அவர் பார்த்துவிடுவாரே, கசிந்துவிட்டால்?' சரி, அதையே முதலில் பார்த்துவிடலாம்.

இருக்கிற பையையே காலி செய்து, மடித்து, மேலே அகலமான துணிப்பட்டை கட்டிக்கொள்வது ஒரு வழி. எந்த வகை ஸ்டோமாவுக்கும் ஒத்துவரும், பிளாஸ்டிக்கின் சரசரப்பும் அடங்கும். பட்டையை இறுக்கிக் கட்டினால் மட்டும் வம்பு: வெளியே வருவது பைக்குள் இறங்க இடமில்லாமல், தோலில் ஒட்டியிருக்கும் தட்டின் ஓரமாகக் கசியும்.

இரண்டாவது, சிறிய மூடிய பை. தட்டும் பையும் தனித்தனியாக இருக்கும் வகை என்றால் தட்டை அப்படியே விட்டுப் பையை மட்டும் மாற்றலாம். பார்க்கவும் அடக்கமாக இருக்கும். ஆனால் கொள்ளளவு குறைவு. பெருங்குடலில் திறப்பு வைக்கும் கொலாஸ்டமியில், மலம் கெட்டியாக, ஓரளவு நேரப்படி வருபவர்களுக்குச் சரி. சிறுகுடலில் திறப்பு வைக்கும் இலியாஸ்டமியில் மலம் நீர்த்து வரும், சிறுநீருக்கான யூரோஸ்டமியில் சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அங்கே இதை நம்பினால் பாதியில் எழுந்து ஓட வேண்டியதுதான்.

மூன்றாவது, ஸ்டோமா வழியாக வெதுவெதுப்பான நீர் விட்டுக் குடலைக் கழுவும் 'இர்ரிகேஷன்'. நன்றாகப் பழகியவர்களுக்கு 24 மணி நேரம், சிலருக்கு 48 மணி நேரம்கூட மலம் வராது. சின்ன மூடியே போதும். ஆனால் இது இடப்பக்கப் பெருங்குடலில் கொலாஸ்டமி உள்ளவர்களுக்கு மட்டும்தான். டாக்டர் சம்மதித்து, ஸ்டோமா நர்ஸிடம் கற்று, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம்போல ஒதுக்க வேண்டும். ஒரு ராத்திரிக்காகத் தொடங்குகிற காரியம் இல்லை.

என்னைக் கேட்டால் முதல் வழியே போதும் என்பேன். பையை மறைப்பதில் காட்டும் கவனத்தைக் கொஞ்சம் வலியின் பக்கம் திருப்ப வேண்டும். அதைத்தான் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

பெண்களுக்கு மலக்குடலை எடுத்துவிட்டால் யோனிக்குப் பின்னாலிருந்த தாங்கல் போய்விடுகிறது. அது பின்பக்கம் சாயும், தழும்பு இழுக்கும். இடுப்பு நரம்புகள் அடிபட்டிருந்தால் ஈரம் ஊறுவதும் குறையும். கதிர்வீச்சும் பெற்றிருந்தால் வறட்சியோடு யோனி குறுகும் சுருக்கமும் சேர்ந்துகொள்ளும். இதில் 'மனசு வைத்தால் சரியாகிவிடும்' என்ற அறிவுரைக்கு வேலையே இல்லை.

வறட்சிக்கு நீர் சார்ந்த ஜெல் எளிது, ஆணுறையோடும் ஒத்துப்போகும். சீக்கிரம் காய்வதுதான் குறை. சிலிகான் ஜெல் நீண்ட நேரம் வழுக்கும், ஆனால் யோனியை மெல்ல விரிக்க உள்ளே வைக்கும் டைலேட்டர் சிலிகானில் செய்ததாக இருந்தால் அதைக் கெடுக்கலாம். எண்ணெய் லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கும், ஸ்டோமாவைச் சுற்றிப் பட்டால் தட்டும் பிடிக்காது. அதனால் எண்ணெய்க்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். ஈஸ்ட்ரோஜன் க்ரீம் சிலருக்கு நன்றாக உதவும். ஹார்மோன் சார்ந்த புற்றுநோய் இருந்தவர்கள் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

சுருக்கத்துக்கு, தானாகத் தளரட்டும் என்று காத்திருப்பதா, டைலேட்டரா? கதிர்வீச்சுக்குப் பிறகு காத்திருந்தால் தழும்பு இறுகத்தான் செய்யும். டாக்டர் சொன்ன நேரத்தில் சின்ன அளவிலிருந்து தொடங்குவது மேல். வலியை நினைத்தே தசை இறுகுபவர்களுக்கு இடுப்புத்தள பிசியோதெரபியும் கைகொடுக்கும்.

எப்படிப் படுப்பது என்பது அவரவர் வசதி. ஸ்டோமா இருக்கும் பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் பை மெத்தையில் சாய்ந்து, நடுவில் வராது. பெண் மேலே இருந்தால் ஆழமும் வேகமும் அவள் கையில். உரசலில் ஸ்டோமாவிலிருந்து ஓரிரு சொட்டு ரத்தம் வந்தால் பயம் வேண்டாம். நிற்காவிட்டால் டாக்டரிடம் போகவும். ஸ்டோமாவுக்குள் மட்டும் எதையும் நுழைக்கவே கூடாது.

அப்புறம், இலியாஸ்டமி உள்ளவர்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பியிருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சிறுகுடலில் நிறைய எடுத்திருந்தாலோ, பை நீராக நிரம்பிக்கொண்டே இருந்தாலோ, மாத்திரை உடம்பில் சேராமலே வெளியேறிவிடலாம். காப்பர் டி, ஊசி போன்றவற்றுக்கு அந்தச் சிக்கல் இல்லை.